ஓதம் ஏறும் ஊரில் ஒட்டுப்பலகை

ஓதம் என்ற தமிழ்ச் சொல் கடல் பொங்கி ஏறுவதையும் குறிக்கும், சுவரின் அடியிலிருந்து மேலே ஊறும் ஈரத்தையும் குறிக்கும். இந்த இரண்டு பொருளும் ஒரே வீட்டில் சந்திக்கும் இடங்களில் ஒன்று பள்ளுருத்தி. 1967-இல் கொச்சி மாநகராட்சி உருவானபோது எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளோடு இணைக்கப்பட்ட ஊராட்சிகளுள் ஒன்றான இந்தத் தாழ்நிலம், மேற்கே அரபிக்கடலுக்கும் கிழக்கே காயலுக்கும் இடையே கிடக்கிறது. இங்கும் அண்டையிலுள்ள இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கிப் பகுதிகளிலும் ஓதம் பெருகும் நாள்களில் உப்புநீர் தோடு எனப்படும் கால்வாய்களின் வழியே முற்றத்துக்கு வருவதும், வந்த நீர் வடிந்த பின்னும் அதன் உப்பு சுவரில் தங்கி மழைக்காலக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருப்பதும் மக்களுக்குப் பழகிப்போன துன்பங்கள். இப்படிப்பட்ட ஊரில் வீடு கட்டுபவர் தரைக்கும் கூரைக்கும் செலவழித்தபின் கையில் எஞ்சியிருக்கும் பணத்தில் வாங்குவதுதான் பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை. வீட்டுக்குள் இருக்கும் பொருள்களில் ஈரத்துக்கு முதலில் பலியாவதும் பெரும்பாலும் அதுவே.

ஆனால் அடித்தளத்துக்கும் கம்பிக்கும் கணக்குப் பார்க்கும் அளவுக்கு இந்தப் பலகைக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மொத்தச் சதுர அடியை 8 அடிக்கு 4 அடிப் பலகையின் பரப்பான 32-ஆல் வகுத்து, வந்த எண்ணோடு ஒன்றிரண்டைக் கூட்டி, எல்லா இடத்துக்கும் ஒரே ரகப் பலகையை வாங்கிப் போடுவதே வழக்கமாக இருக்கிறது. இந்த வழக்கத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. பலகையின் அளவு சதுர அடியில் முடிவாவதில்லை, வெட்டும் முறையில் முடிவாகிறது. பலகையின் ரகத்தை முடிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரரின் வசதியோ கடைக்காரரின் பரிந்துரையோ அல்ல, அந்த வீட்டில் ஈரம் எங்கே எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதுதான்.

முதலில் இந்தப் பலகை எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்பது நல்லது. மரத்தடியைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழற்றி, நீண்ட கத்தியால் அதன் உடலிலிருந்து தாள்போல உரித்தெடுக்கும் மெல்லிய மரப்படலத்துக்கு வெனீர் என்று பெயர். இப்படலங்களைக் காயவைத்து, பசை தடவி, ஒன்றின் இழை நெடுக்காகவும் அடுத்ததன் இழை குறுக்காகவும் அமையும்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி, சூடான அழுத்து எந்திரத்தில் வைத்து அழுத்தினால் கிடைப்பது ஒட்டுப்பலகை. மரம் ஈரத்தைக் குடிக்கும்போது இழைக்குக் குறுக்கேதான் பெரிதும் விரியும், நெடுக்கில் அவ்வளவாக விரியாது. ஆகவே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய படலங்களில் ஒவ்வொன்றும் தன் அண்டைப் படலம் விரியாதபடி பிடித்துக்கொள்கிறது. சாதாரணப் பலகையைப்போல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்காமல் இது நிற்பதற்கு இந்தப் பிடிப்பே காரணம். அந்தப் பிடிப்பைத் தருவது பசை என்பதால், பசை விட்டுப்போனால் பலகையும் போயிற்று.

பள்ளுருத்தியில் விற்பனையாகும் பலகையில் ஒரு பங்கு அதே எர்ணாகுளம் மாவட்டத்தின் கிழக்கே உள்ள பெரும்பாவூரில் உருவாவது. இந்தியாவில் ஒட்டுப்பலகைத் தொழில் தொடக்கத்தில் அசாமின் தேயிலைப் பெட்டிகளை நம்பி வளர்ந்தது. கேரளத்தில் கண்ணூருக்கு அருகே வளபட்டணத்தில் 1945-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் முன்னோடி ஆலைகளுள் ஒன்று. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை வடகிழக்கு மாநிலங்களில் காட்டுமரம் வெட்டுவதையும் அதை நம்பிய ஆலைகளையும் நிறுத்தியபோது, இத்தொழிலின் பாரம் தோட்ட மரங்கள் கிடைக்கும் இடங்களுக்கு நகர்ந்தது. வடக்கே பாப்லர் மரமும் யூகலிப்டஸும் விளையும் ஹரியாணாவின் யமுனாநகரும், தெற்கே ரப்பர் மரம் விளையும் பெரும்பாவூரும் அப்படி வளர்ந்தவை. அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் உழைப்பில்தான் இன்று பெரும்பாவூரின் அழுத்து எந்திரங்கள் ஓடுகின்றன.

ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரத்தை எரிக்காமல் பலகையாக்குவது காட்டைக் காக்கும் வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். வெட்டிய சில நாள்களிலேயே அதில் நீலப்பூசணம் படரும், துளைக்கும் வண்டு முட்டையிடும். போராக்ஸ், போரிக் அமிலம் முதலிய போரான் உப்புகளைக் கொண்டு உடனே பதப்படுத்தினால் இந்த மரம் நெடுநாள் உழைக்கும். பதப்படுத்தாமல் விட்டால் இரண்டாம் ஆண்டிலேயே அலமாரிக்கு அடியில் மாவு கொட்டத் தொடங்கும், உளுத்துப்போதல் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். ஆகவே ரப்பர் மரப் பலகை என்பதற்காகத் தயங்கத் தேவையில்லை. பதப்படுத்திய பலகைதானா என்று கேட்பதுதான் தேவை.

பசையின் தரத்தைக் கொண்டு ஒட்டுப்பலகையை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். எம்.ஆர். எனப்படும் முதற்படி, ஈரப்பதத்தைத் தாங்கும் பலகை. யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்படும் இதன் மாதிரித் துண்டு, 60 பாகை வெப்பமுள்ள நீரில் 3 மணி நேரம் கிடந்தும் பசை விடாமல் இருந்தால் தேர்ச்சி பெறும். பி.டபிள்யூ.ஆர். எனப்படும் இரண்டாம் படி, கொதிநீரைத் தாங்கும் பலகை. இதன் துண்டை 8 மணி நேரம் கொதிக்கவைத்துச் சோதிப்பார்கள். இவ்விரண்டும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர எண்ணின்கீழ் அறியப்பட்டவை. மூன்றாம் படியான ஐ.எஸ். 710 என்ற கடல்தரப் பலகையின் துண்டு 72 மணி நேரக் கொதியில் நிற்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை உரியது. கடைகளில் எம்.ஆர். ரகத்துக்கு ‘கமர்ஷியல்’ என்ற பெயரும், மற்ற இரண்டுக்கும் சேர்த்து ‘வாட்டர் ப்ரூஃப்’ என்ற பெயரும் புழங்குகின்றன. இந்தப் பொதுப் பெயர்களில் எட்டு மணி நேரத்துக்கும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. பலகையின் மேல் அச்சிட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரையில் உள்ள எண் ஒன்றே அதைச் சொல்லும்.

இனி வீட்டுக்குள் வருவோம். பள்ளுருத்தி போன்ற ஊரில் வீட்டைக் கிடைமட்டமாக மூன்று அடுக்குகளாகக் கருதிக்கொள்வது பயன்தரும். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஓதத்தின் எல்லை. அதற்கு மேல் இடுப்பளவு வரை தண்ணீர் தெறிக்கும் எல்லை, சமையலறைத் தொட்டியின் கீழ்ப்பெட்டியும் குளியலறைக்கு முதுகு காட்டும் அலமாரியும் இதில் அடங்கும். அதற்கும் மேலே காற்றின் ஈரம் மட்டுமே தீண்டும் எல்லை. முதல் எல்லையில் எந்த ஒட்டுப்பலகையையும் தரையில் ஊன்றி நிறுத்துவது தவறு. ஐ.எஸ். 710 பலகையின் பசை கொதிநீரைத் தாங்குமே தவிர, உப்புநீரில் நாள்கணக்கில் நிற்கும் மரத்தின் விளிம்பு அதைத் தாங்கும் என்று பொருளில்லை. அங்கே கருங்கல் பட்டியோ செங்கல் மேடையோ பிளாஸ்டிக் கால்களோ அமைத்து, பலகையை அதற்கு மேலே தொடங்க வேண்டும். முற்றத்தில் நீர் வந்த அடையாளம் எவ்வளவு உயரமோ அதைவிட ஒரு சாண் கூடுதலாக அந்த மேடை இருப்பது நல்லது. இரண்டாம் எல்லைக்குக் கடல்தரப் பலகையோ, குறைந்தது பி.டபிள்யூ.ஆர். பலகையோ வேண்டும். மூன்றாம் எல்லையில், அதாவது படுக்கையறை அலமாரியின் மேல்தட்டுகள், பரண் கதவுகள், புத்தகத் தட்டுகள் ஆகியவற்றுக்கு, கேரளத்தின் மழைக்காலத்தை எண்ணி பி.டபிள்யூ.ஆர். போட்டால் போதும். அங்கும் கடல்தரப் பலகை போட்டுப் பணத்தை முடக்குவதைவிட, அந்தப் பணத்தைக் கீழே கல்மேடைக்கும் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளுக்கும் கீல்களுக்கும் செலவிடுவது வீட்டுக்கு நெடுநாள் காவல். உப்புக்காற்றில் சாதாரணத் திருகு துருப்பிடித்து, அந்தத் துரு பலகையின் துளையைப் பெரிதாக்கி, கதவு தொங்கிப்போன பின் பழி பெரும்பாலும் பலகையின் மேல்தான் விழுகிறது.

வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகுப்பலகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செலவைக் குறைக்கும் எண்ணத்தில் அலமாரியில் மிக மெலிந்த, மிகத் தாழ்ந்த ரகப் பலகையைப் போடும் இடம் முதுகுதான். ஓதம் ஏறிய சுவரின் ஈரத்தை நேராக வாங்குவதும் அதே முதுகுதான். சுவருக்கும் முதுகுக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, சுவரைப் பார்க்கும் பக்கத்துக்கும் வண்ணமோ வார்னிஷோ பூசிவிட்டால் துணிகளில் பூசண நாற்றம் ஏறுவது பெருமளவு குறையும்.

கடையில் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அதன் முகத்தை அல்ல, விளிம்பை. முகத்தில் ஒட்டியிருப்பது அரை மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவோ ஆன மெல்லிய மேற்படலம். மியான்மரின் குர்ஜன் மரம் ஒரு காலத்தில் இதற்குப் பெயர்பெற்றிருந்தது. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் மரத்தடி ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஒகூமே மரம் முதலியவை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சிவப்புச் சாயம் தடவி குர்ஜன் தோற்றம் தருவதும் நடப்பதால் நிறம் எதற்கும் சான்றாகாது. விளிம்பிலோ அடுக்குகள் ஏட்டுச்சுவடியைப்போல வெளிப்படையாகத் தெரியும். நல்ல பலகையில் அவ்வடுக்குகள் ஒரே தடிமனில் கோடு போட்டாற்போல ஓடும். தரம் குறைந்த பலகையில் ஓர் அடுக்கு நடுவே அறுந்து கரிய இடைவெளி தெரியும், அல்லது இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அந்த இடம் புடைத்திருக்கும். அந்த இடைவெளிக்குள் திருகு விழுந்தால் பிடிமானம் இல்லை, ஈரம் விழுந்தால் வெளியேற வழியில்லை. சில பலகைகளில் இந்த இடைவெளிகளை மரத்தூள் கலவையால் அடைத்து வண்ணம் பூசியிருப்பார்கள். முழு விளிம்பும் ஒரே வண்ணத்தில் மூடப்பட்டிருந்தால், ஒரு மூலையை அறுத்துக் காட்டச் சொல்லி வாங்குவதில் தவறேதும் இல்லை.

தடிமனையும் அளந்தே வாங்க வேண்டும். 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பலகையில் தடிமன் 5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ தரவிதி இடம் தருகிறது. ஆகவே 19 மில்லிமீட்டர் என்று பட்டியல் போட்ட பலகை 18 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்ற எண்ணம் இயற்கையானது. ஆனால் பலகை வளையாமல் நிற்கும் வலு அதன் தடிமனைப் பொறுத்து நேராக ஏறுவதில்லை, தடிமனின் முப்படியாக ஏறுகிறது. 12 மில்லிமீட்டர் பலகையைவிட 18 மில்லிமீட்டர் பலகை ஒன்றரை மடங்குதான் தடிமன், ஆனால் மூன்றே கால் மடங்குக்கு மேல் வலு. தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரமோ இதைவிடக் கடுமையானது. ஒரே சீராகப் பாரம் ஏற்றிய தட்டில் தூரத்தின் நான்காம் படியாகத் தொய்வு கூடுவதால், 2 அடித் தட்டை 3 அடியாக்கினால் தொய்வு ஐந்து மடங்காகிவிடும். புத்தகத் தட்டு நடுவில் தொய்ந்து நிற்கும் வீடுகளில் அதிகத் தடிமனான பலகைக்குச் செலவழிப்பதைவிட நடுவே ஒரு தடுப்பு வைப்பதே மலிவான மருந்து. தட்டின் நீளப் போக்கிலேயே முகப்படலத்தின் இழையும் ஓடும்படி வெட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கணக்குக்கு வந்தால், பழைய தச்சுமரபோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தெளிவு தரும். கேரளத் தச்சர்களின் முழக்கோல் 24 விரல் கொண்டது, இன்றைய அளவில் 72 சென்டிமீட்டர். வீட்டின் சுற்றளவு முதல் கதவின் அகலம் வரை அந்தக் கோலிலிருந்து பிறந்தது, மரத்தைக் கோலுக்கேற்ப அறுத்துக்கொண்டார்கள். ஒட்டுப்பலகையில் இந்த முறை தலைகீழாகிவிட்டது. ஆலையின் அழுத்துத் தட்டு 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440-க்கு 1220 மில்லிமீட்டர், என்று அளவை முன்பே முடிவு செய்துவிடுகிறது. அதற்கேற்பத்தான் பொருளை அமைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அலமாரியின் ஆழத்தை ஒரு கோல் என்று வைத்தால், 1220-இல் 720 போக எஞ்சும் 500 மில்லிமீட்டர் கீற்று அலமாரியின் எந்தப் பக்கத்துக்கும் உதவாது. ஆழம் 600 என்று வைத்தால் ஒரே ஷீட்டில் இரண்டு பக்கங்கள் கிடைத்து, ரம்பம் தின்பதற்கும் இடம் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 7 அடி உயரம், 4 அடி அகலம், 22 அங்குல ஆழம், நடுவே ஒரு தடுப்பு, ஐந்து தட்டுகள், இரண்டு கதவுகள் உள்ள அலமாரிக்கு 18 மில்லிமீட்டர் பலகை எத்தனை? பக்கங்கள் இரண்டு, தடுப்பு ஒன்று, மேலும் கீழும் இரண்டு, தட்டுகள் ஐந்து, கதவுகள் இரண்டு எனப் பன்னிரண்டு துண்டுகளின் பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 98 சதுர அடி வரும். 32-ஆல் வகுத்தால் மூன்று ஷீட்டும் இரண்டு சதுர அடியும். மூன்று வாங்கினால் வேலை நடுவில் நின்றுவிடும், ஐந்து வாங்கினால் ஒன்று மூலையில் சாய்ந்து கிடக்கும். தாளில் 96-க்கு 48 அங்குலக் கட்டங்களை வரைந்து துண்டுகளை அடுக்கினால்தான் உண்மை தெரியும். முதல் ஷீட்டில் இரு கதவுகள், இரண்டாவதில் இரு பக்கங்கள், மூன்றாவதில் தடுப்பும் அதன் அருகிலுள்ள 26 அங்குலக் கீற்றில் நான்கு தட்டுகளும், நான்காவதில் மேலும் கீழும் ஒரே வரிசையாக, அருகே ஐந்தாவது தட்டு. நான்கு ஷீட்டில் வேலை முடிந்து, நான்காவதில் 6 அடி நீளமும் 2 அடிக்கு மேல் அகலமும் உள்ள ஒரே துண்டு மீதமாகிறது. அது பிள்ளைகளின் படிப்பு மேசைக்குப் போதும். கடையில் 7 அடிக்கு 4 அடி ஷீட்டும் கிடைக்குமானால், கதவுக்கும் பக்கத்துக்கும் முதுகின் 6 மில்லிமீட்டர் பலகைக்கும் அதையே வாங்கி, ஷீட்டுக்கு 4 சதுர அடியாக 12 சதுர அடிக்கான பணத்தை மிச்சப்படுத்தலாம்.

இதே அலமாரியின் ஆழத்தை 22-லிருந்து 25 அங்குலமாக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். பரப்பு சற்றே கூடுகிறது. ஆனால் 48-இல் 25 போனால் 23-க்கும் குறைவான கீற்றே எஞ்சும் என்பதால், பக்கங்களுக்கும் தடுப்புக்கும் மேல்கீழுக்கும் ஒவ்வொரு கீற்றுக்கும் ஒரு ஷீட் எனத் தனித்தனியே நான்கு ஷீட்டுகளை வெட்ட நேர்கிறது. எஞ்சிய கீற்றுகளில் 24 அங்குலக் கதவு அடங்காது, தட்டுகளையும் குறுக்கு இழையில்தான் வெட்ட முடியும், கதவுக்கு ஐந்தாவது ஷீட் வேண்டியிருக்கும். மூன்றங்குல ஆசைக்கு ஒரு முழு ஷீட் விலை. இந்தக் கணக்கைப் பலகை வந்து இறங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, அளவு பேசும்போதே போட வேண்டும். அனுபவமுள்ள ஆசாரிகள் பலர் இதை மனத்திலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் மனக்கணக்கை வீட்டுக்காரரால் சரிபார்க்க முடியாது என்பதால், அதைத் தாளில் இறக்கி இருவரும் பார்க்கும்படி வைப்பது ஆசாரியின் நேர்மைக்கும் காப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பத்தின் பல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரைத் தின்றுவிடும் என்பதையும், ஆலையிலிருந்து வரும் விளிம்பு அடிபட்டிருந்தால் அரை அங்குலம் சீவ வேண்டியிருக்கும் என்பதையும் அந்தப் படத்திலேயே குறித்துவிட வேண்டும்.

தளம் போடும்போது கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்குக் கணக்கு வேறு. ஐ.எஸ். 4990 என்ற எண்ணுக்குரிய, இருபுறமும் பளபளப்பான படலம் ஒட்டிய பலகை அது. தளத்தின் பரப்போடு உத்தரங்களின் இரு பக்கங்களையும் அடியையும் கூட்ட மறப்பதே அங்கு வழக்கமாக நேரும் பிழை. அதைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் சிறு வீட்டுக்கு வாடகைக்கு எடுப்பதே பொருத்தம். பயன்படுத்தி முடித்த அந்தப் பலகையை அலமாரிக்குத் திருப்பிவிடுவது மட்டும் வேண்டாம். அதில் ஊறிய அச்சு எண்ணெயின் மேல் மைக்கா எனப்படும் மேலொட்டுத் தகடு ஒட்டாது.

யூரியா பசையிலிருந்து மெல்லக் கசியும் ஃபார்மால்டிஹைடு ஆவியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2004-இல் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. மழைக்கு அஞ்சிச் சன்னல் சாத்தியே கிடக்கும் சிறிய படுக்கையறையில் கசிவு குறைந்த இ1 அல்லது இ0 வகைப் பலகையைக் கேட்டு வாங்குவதும், வெட்டிய விளிம்புகளை எல்லாம் மூடி ஒட்டுவதும், புதிய அலமாரியைச் சில வாரம் திறந்து வைத்துக் காற்றாட விடுவதும் குழந்தைகள் உள்ள வீடுகளில் தவிர்க்கக் கூடாதவை.

ஒட்டுப்பலகைக்கும் மரக்கதவுகளுக்கும் இந்தியத் தர முத்திரையைக் கட்டாயமாக்கிய மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2025-இல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கது. சிறு ஆலைகள் மிகுந்த பெரும்பாவூருக்கு அது சுமைதான். ஆயினும் அந்தச் சுமையைச் சோதனைக்கூட வசதியும் கடனுதவியும் தந்து அரசு பகிர்ந்துகொள்ள வேண்டுமே தவிர, விதியைத் தளர்த்தி உப்புநீர் ஏறும் வீடுகளின் தலையில் இறக்கக் கூடாது. பலகையில் முத்திரை இருந்தாலும் பட்டியலில் வெறும் ‘பிளைவுட் 18 எம்.எம்.’ என்று எழுதித் தருவது இன்னும் மாறவில்லை. தர எண், படி, தடிமன், ஷீட்டின் அளவு, எண்ணிக்கை ஆகிய ஐந்தும் பட்டியலில் இருந்தால்தான் பிற்பாடு பலகை பிரிந்துவிடும்போது நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்க ஒரு சான்று இருக்கும்.

கேரள அரசின் லைஃப் திட்டத்தில் வீடில்லாத குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவி 4 லட்சம் ரூபாய். அந்தத் தொகையில் கட்டும் வீட்டில் ஓர் அலமாரியும் ஒரு சமையல் மேடைப் பெட்டியும் செய்வதற்கு ஒதுங்கும் பணம் மிகச் சிறிது. அங்கே வீணாகும் ஒரு ஷீட் அந்தக் குடும்பத்தின் பல நாள் கூலி. வீட்டின் வரைபடத்தை உள்ளாட்சிப் பொறியாளர் சரிபார்ப்பதைப்போல, இத்தகைய வீடுகளுக்கேற்ற அலமாரி, சமையல் பெட்டி, கட்டில் ஆகியவற்றுக்கு 8 அடிக்கு 4 அடி ஷீட்டில் அடங்கும் வெட்டும் படங்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களின் தச்சுப் பிரிவைக் கொண்டு வரையச் செய்து, வார்டுதோறும் இலவசமாகத் தரலாம். அப்படங்களில் தரையிலிருந்து பலகை தொடங்கும் உயரம் முதல் அளவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளுருத்திக்கும் கும்பளங்கிக்கும் அந்த உயரம், ஓதம் கடைசியாக ஏறி நின்ற கோட்டிலிருந்து அளக்கப்பட வேண்டியது.